கணப்பு உள்ள வீடு

ஷெஃபீல்டு
இங்கிலாந்து
12 அக்டோபர் 1981

அன்புள்ள கல்சோம் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமலையும் கால்வலியையும் கணக்கில் சேர்க்காவிட்டால், நானும் மொக்தாரும் இங்கே சுகம். மூவாரில் நீங்களும் தாயிப் அத்தானும் என் மகள் மஸ்தூராவும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வந்து சேர்ந்தோம். பல்கலைக்கழகத்தில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டில், மேசை, ஒரு கெட்டில். வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறது, குழந்தைகளுக்கு இடமில்லை என்று. மூன்று வருடம் உலோகம் படிக்க வந்த மனிதர் விடிந்ததும் உலைக்கூடத்துக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். ஆகவே வீடு தேடுவது என் வேலை. இந்த ஊர் முழுக்கக் குன்று. பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் வாடகை வீட்டு அட்டைகள் ஒட்டியிருப்பார்கள். பாதி அட்டையில் 'குழந்தைகள் வேண்டாம்'. மீதி வீட்டுக்கு நேரில் போனால், என் முக்காட்டைப் பார்த்ததும் வீடு போன வாரமே போய்விட்டிருக்கும்.

நேற்று ஒன்று பார்த்தேன். க்ரூக்ஸ் என்ற இடம், குன்றின் உச்சி. சின்ன வீடுதான். கீழே ஒரு அறையில் கரி போட்டு எரிக்கும் கணப்பு, மேலே இரண்டு அறை. சொந்தக்காரி மிஸஸ் ஹாட்கின் என்ற விதவை. நான் பழக்கத்தில் ஷூவைத் தெருப்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்த அம்மா என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “என்ன கண்ணு, செருப்பக் கழட்டிட்ட? அப்ப குடிவந்தாச்சுன்னு சொல்லு!” என்று சிரித்தாள். திரும்பி வந்தால் ஷூ நிறைய மழைத்தண்ணீர்.

காற்றுதான் ஆளைத் தள்ளுகிறது. மற்றபடி எனக்குப் பிடித்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இவரைப் படிக்க அனுப்பிய நம் அரசாங்கம் மஸ்தூராவுக்கு டிக்கெட் தருவது ஜூலை முடிய மட்டும்தான். அதற்குள் குழந்தைக்குத் தக்க வீடு என்று நான் முகவரி காட்ட வேண்டும். விமான நிலையத்தில் நீங்கள், “வீடு கிடைக்கலன்னா பிள்ளை எனக்குத்தான், ஆமா” என்றீர்கள். அத்தைமார்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கை பிள்ளை கொடுப்பது நம் பக்கம் நடக்கிற காரியம்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அக்கா.

அவளுக்கு என் முத்தம். பால் குடிக்க அடம் பிடித்தால் வாழைப்பழம் காட்டுங்கள்.

உங்கள் தங்கை,
ஸபேடா

*

மூவார்
மலேசியா
2 நவம்பர் 1981

அன்புத் தங்கை ஸபேடாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்கு இடுப்புவலி வழக்கம்போல. பள்ளிக்கூட வேனில் அந்தப் பிசாசுகளை ஏற்றி இறக்கினால் யாருக்குத்தான் வராது?

மஸ்தூரா நன்றாகச் சாப்பிடுகிறாள். நான் விடியற்காலையில் கடைக்குப் பலகாரம் அவிக்கும்போது அவளும் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். முதல் பலகாரம் அவளுக்குத்தான். “இதுக்குக் காசு யாரு தருவா?” என்று கேட்டேன். “பெரியப்பா” என்கிறாள். மூன்று வயதில் ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். கணப்பு என்கிறாயே, அது கூடத்தின் நடுவிலேயே எரிகிற நெருப்பா? இவள் கை சும்மா இருக்குமா? அவிக்கிற பானையில் விரலை விட்டுவிட்டுத்தான் அழுவாள். வேண்டாம், அந்த வீட்டை விட்டுவிடு. உச்சியில் குடியிருந்தால் காற்று வேறு நெஞ்சில் இறங்கும்.

அவசரப்படாதே. நல்ல வீடாகப் பார். இங்கே அவளுக்கு என்ன குறை?

அக்கா,
கல்சோம்

*

ஷெஃபீல்டு
20 நவம்பர் 1981

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் இருவரும் நலம். கடிதம் வந்த அன்று முழுக்கப் பலகார வாசனையாகவே இருந்தது எனக்கு.

நீங்கள் சொன்னது சரி என்று பட்டது. மிஸஸ் ஹாட்கினிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “போயிட்டு வா கண்ணு, பரவால்ல” என்றாள். குளிரில் எனக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது வாக்லி என்ற பக்கம் ஒரு வீடு. கணப்பு கிடையாது, மின்சார அடுப்புதான். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. கழிப்பறை பின்முற்றத்தில். வீட்டுக்காரர் குழந்தை என்றதும் முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது. இங்கே வந்த பிறகு, யாராவது முகம் சுளிக்காமல் இருந்தாலே அது பெரிய உபகாரமாகத் தெரிகிறது.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, அக்கா. பேருந்துக் கட்டணம் இங்கே சல்லிசு, அதனால் நாளெல்லாம் ஏறி இறங்குகிறேன். மொக்தாரிடம் சொன்னால், “உனக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் பிடிச்ச மாதிரிதான்” என்கிறார். உலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் விடிய விடியப் பேசுவார்.

அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும். மஸ்தூராவின் போட்டோ ஒன்று அனுப்புங்கள்.

ஸபேடா

*

மூவார்
22 டிசம்பர் 1981

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். அல்லாஹ் காப்பாற்றுவான். இங்கே பெருமழை. ஆறு ஏறி வந்து, வீடு நிற்கிற மரக்கால்களுக்கு நடுவில் நின்றது. கோழிகளைச் சமையலறையில் கட்டி வைத்திருந்தோம். தபால் போகவில்லை, அதனால்தான் தாமதம்.

அந்த வாக்லி வீடு வேண்டவே வேண்டாம். பனியில் நடுராத்திரி சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாயா? படி செங்குத்து என்று நீயே எழுதுகிறாய். இரண்டாவது படியிலேயே உருண்டுவிடுவாள்.

மழையில் பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்தது. இப்போது தேவலை. நீ கவலைப்பட ஒன்றுமில்லை. போட்டோக் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, பிறகு எடுக்கலாம்.

உன் இருமலுக்கு இஞ்சித் தண்ணீர் குடி.

கல்சோம்

*

ஷெஃபீல்டு
11 ஜனவரி 1982

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டிக் கிடக்கிறது. இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன். இரண்டாம் தடவை எழுந்திருக்கவே மனமில்லை, அப்படியே தெருவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “மலேசியாவா? அங்க பனி இருக்காதே, பாவம்” என்றார். அழுகை வந்துவிட்டது.

என்ன காய்ச்சல்? எத்தனை நாள்? மருத்துவமனைக்குக் கொண்டு போனீர்களா? ஒரே வரியில் எழுதிவிட்டு இஞ்சிக்குப் போய்விட்டீர்கள்.

வாக்லி வீட்டையும் விட்டாயிற்று. இப்போது நெதர் எட்ஜ் பக்கம், ஒரு மளிகைக்கடைக்கு மேலே இரண்டு அறை. கணப்பு இல்லை. கழிப்பறை உள்ளேயே. படி அகலம், பிடித்து ஏறக் கைப்பிடியும் இருக்கிறது. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எதிரே பூங்கா, வாத்துகள் இருக்கின்றன. மஸ்தூராவுக்கு வாத்து பிடிக்கும்.

ஒரு உதவி. ரப்பர் பூட்ஸ் வாங்கப் போகிறேன். அவள் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். கொஞ்சம் பெரிதாகவே வாங்குகிறேன், ஜூலைக்குள் வளர்ந்திருப்பாள்.

ஸபேடா

*

மூவார்
16 பிப்ரவரி 1982

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். எல்லாரும் நலம். பதில் எழுதத் தாமதம், கடையில் வேலை அதிகம்.

கடைக்கு மேலே வீடு என்கிறாய். அந்தக் கடையில் பன்றி இறைச்சி விற்பார்களா, கேட்டாயா? வாத்து இருந்தால் குளமும் இருக்கும். குளம் இருக்கிற இடத்தில் சின்னப் பிள்ளையா? யோசித்துச் செய்.

காய்ச்சல் போய்விட்டது என்றுதான் எழுதினேனே. பாதம் வரைய ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறாள் பிள்ளை. பூட்ஸுக்கு இப்போது என்ன அவசரம்? அத்தான் ஸலாம் சொன்னார்.

கல்சோம்

*

ஷெஃபீல்டு
1 மார்ச் 1982

அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரித்து எழுத இன்று எனக்குத் தெம்பில்லை.

உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்து நேற்று படித்தேன். நவம்பர் கடிதத்தில் மஸ்தூரா என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் 'பிள்ளை'. பிப்ரவரியிலும் 'பிள்ளை'. காய்ச்சல் என்று எழுதிய நாளிலிருந்து அவள் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. போட்டோ இல்லை. பாதமும் இல்லை.

அப்பா இறந்தபோது நான் கோலாலம்பூரில் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். பரீட்சை முடியட்டும் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து மறைத்தீர்கள். அப்போதும் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. மழை, கோழி, மாம்பழம் எல்லாம் அதில் இருந்தன. அப்பா மட்டும் இல்லை. நான் ஊருக்கு வந்தபோது மண்ணில் புல் முளைத்திருந்தது.

மொக்தாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார். அல்லது என் மாதிரியே நினைத்துவிடுவார். எது நடந்தாலும் எனக்குத் தாங்காது.

ஒரு வரி போதும், அக்கா. என் மகள் இருக்கிறாளா?

ஸபேடா

*

தந்தி
மூவார், 10 மார்ச் 1982

பிள்ளை உயிரோடு நலம். கடிதம் வருகிறது. தாயிப்.

*

மூவார்
12 மார்ச் 1982

என் தங்கை ஸபேடாவுக்கு,

அல்லாஹ் உன் நெஞ்சுக்கு அமைதி தரட்டும். உன் கடிதத்தைப் பிரித்துப் படித்த அத்தான், பாதியிலேயே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து என்னைத் திட்டினார். இருபது வருடத்தில் என்னை அவர் திட்டியதில்லை. “நீயா எழுதுறியா, நான் எழுதட்டுமா?” என்றார். நானே எழுதுகிறேன்.

காய்ச்சல் கொஞ்சம் இல்லை. வெள்ளத்தில் ரோடு மூடிவிட்டது, மருத்துவமனைக்கு வழியில்லை. உடம்பு கொதித்தது, கண் மேலே போனது. உனக்குப் பிரசவம் பார்த்த யாங் கிழவியை அத்தான் படகில் அழைத்து வந்தார். அவள் பார்த்துவிட்டு, “இந்தப் பேரு பிள்ளைக்கு ஒத்துக்கல. பெத்தவளோடயும் ஒத்துக்கல. மாத்து” என்றாள். உனக்குத் தெரியும், நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி மாற்றியிருக்கிறார்கள். உன் மாமியார் வீட்டில்கூட ஒருத்தர் உண்டு. ஸலாமா என்று பெயர் வைத்தோம். புதுத் துணி விரித்து, இனி நான்தான் தாய் என்று சொல்லி என் மடியில் போட்டார்கள். மறுநாள் தண்ணீர் வடிந்தது, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள். எதனால் பிழைத்தாள் என்று என்னைக் கேட்காதே. பிழைத்தாள்.

பழைய பெயரைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது என்றாள் கிழவி. சொன்னால் காய்ச்சல் அந்தப் பெயரைத் தேடி வருமாம். அதனால்தான் நான் எழுதவில்லை. உன்னைச் சாகடிக்க அல்ல.

இது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அத்தான் சொல்லிவிடுவார்.

அந்த வீடுகளில் ஒரு குறையும் இல்லை, ஸபேடா. பன்றி இறைச்சி எந்தக் கடையில் விற்றால் எனக்கென்ன? நீ ஒரு வீட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவள் போய்விடுவாள் என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். அந்த வீட்டில் ஒரு ஓட்டை கண்டுபிடித்த பிறகுதான் தூக்கம் வந்தது. நீ பனியில் விழுந்தாய் என்று படித்தபோதுகூட, இன்னும் வீடு கிடைக்கவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் அக்கா இப்படிப்பட்டவள்.

அவள் இப்போது என்னை அம்மா என்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை.

இத்துடன் பாதம் இருக்கிறது. அத்தான் பிடித்துக்கொண்டார், நான் வரைந்தேன். சிரித்துக்கொண்டே காலை இழுத்தாள், அதனால் குதிகால் கோணல்.

கல்சோம்

*

ஷெஃபீல்டு
5 ஏப்ரல் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

தந்தி வந்த அன்று மொக்தார் உலைக்கூடத்துக்குப் போகவில்லை. பாதம் வந்ததும் அந்தத் தாளை மேசையில் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். “இவ்வளவு சின்னதா?” என்றார். பிறகு வெளியே போய்விட்டார். ஜன்னலிலிருந்து பார்த்தேன், தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் நிறைய வந்தது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நான் சாக இருந்தேன், அக்கா. ஆனால் நான் இங்கே கடைக்கண்ணாடியில் அட்டை படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஆற்றுத் தண்ணீருக்கு நடுவில் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தது நீங்கள். அதை நினைத்தால் கோபம் தங்கமாட்டேன் என்கிறது. நினைக்காவிட்டால் திரும்ப வருகிறது. இப்படியே போகிறது நாள்.

வீடு எடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. க்ரூக்ஸில் மிஸஸ் ஹாட்கினுடைய வீடேதான், முதலில் பார்த்தது. அந்தக் காற்றுக்குப் பயந்து யாரும் வரவில்லையாம். கதவைத் திறந்தவள், “தெரியும் கண்ணு. அன்னைக்கே செருப்பக் கழட்டுனியே” என்றாள். நெருப்பு அப்படியேதான் கூடத்தில் எரிகிறது. காற்று அப்படியேதான் அடிக்கிறது. குறை உள்ள வீடுதான். நாம் எல்லாரும் அப்படித்தானே இருக்கிறோம்.

ஜூன் கடைசியில் விமானம். மொக்தாரின் நண்பர் குடும்பம் அழைத்து வரும். அவள் வர வேண்டும், அக்கா. இதில் மறுபேச்சில்லை.

ஆனால் ஸலாமா என்றே கூப்பிடுகிறேன். மொக்தாரும் பழகிக்கொண்டிருக்கிறார், குளியலறையில் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். உங்களை அம்மா என்பதை மாற்ற வேண்டாம். இந்த வயதில் ஒரே நாளில் எத்தனை மாற்றுவது அவளுக்கு? என்னைச் சின்னம்மா என்று சொல்லட்டும். நான் காத்திருக்கிறேன். இந்த ஊர் எனக்கு வேறு எதைக் கற்றுக் கொடுத்ததோ, காத்திருக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

பூட்ஸ் வாங்கிவிட்டேன். சிவப்பு. வாசலில் என் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஸபேடா

*

மூவார்
2 மே 1982

அன்புத் தங்கை ஸபேடாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே நலம். அத்தானுக்கு இடுப்புவலி அப்படியே. கடையைக் கொஞ்ச நாள் மூடியிருக்கிறேன், பிள்ளையோடு இருக்கலாம் என்று.

உன் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் காட்டுகிறேன். “இது யாரு?” என்பேன். “சின்னம்மா” என்றாள் முதல் நாள், நீ எழுதிய மாதிரியே. நான் சரி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “இல்லடி, இது அம்மா. நான் பெரியம்மா” என்றேன். “நீ அம்மா இல்லையா?” என்று கேட்டாள். அத்தான் தட்டோடு எழுந்து வெளியே போனார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “இல்ல” என்றேன். இப்போது கேட்டால் சரியாகச் சொல்கிறாள். சில நாள் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

பெயரை நீ விரும்பியபடி கூப்பிடு. நான் பழையதை எழுதமாட்டேன், எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு உன் குன்று ஏறத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பால் குடிக்க அடம் பிடித்தால் இப்போது வாழைப்பழம் எடுபடாது. முதல் வாய் நீ குடிக்க வேண்டும். தூங்கும்போது உன் காதைப் பிடித்துக்கொள்வாள், தட்டிவிடாதே. எனக்குக் காது இன்னும் சூடாகவே இருக்கிறது.

வெயிலிலேயே வளர்ந்த உடம்பு, குளிர் தாங்காது. அவள் வருகிற அன்று காலையிலிருந்தே அந்தக் கணப்பை மூட்டி வை.

அக்கா,
கல்சோம்